மெயின் எங்கே இருக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவில் புதிதாக வீடு வாங்கியவர்கள், பழைய வீட்டில் பேனல் (பிரேக்கர்கள் இருக்கும் பெட்டி) மாற்றப் போகிறவர்கள் என்று இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மெயின் பிரேக்கரை, அதாவது முழு வீட்டின் கரண்டையும் நிறுத்தும் முதன்மை அணைப்பைச் சுற்றியே இருந்தன. அதனால் இந்த இதழின் பகுதி முழுக்க அதற்கே.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே எல்லோரும் "கோட்" என்கிறோமே, அது என்.இ.சி. எனப்படும் நேஷனல் எலக்ட்ரிக்கல் கோட். முதல் பதிப்பு 1897-இல் வந்தது, 1911-இலிருந்து என்.எஃப்.பி.ஏ. எனப்படும் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் அதைக் கவனித்து வருகிறது, மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப் பதிப்பு வரும். ஆனால் புத்தகம் அச்சானதுமே அது சட்டமாகிவிடாது. உங்கள் மாநிலமோ ஊரோ ஏற்றுக்கொண்ட பிறகுதான் சட்டம், அதிலும் சில விதிகளை வெட்டியும் சிலவற்றைச் சேர்த்தும் ஏற்பார்கள். நான் இங்கே 2020, 2023 பதிப்புகளை வைத்து எழுதுகிறேன். உங்கள் ஊரில் எந்தப் பதிப்பு நடப்பில் இருக்கிறது என்று பெர்மிட் கொடுக்கும் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டு நிமிட வேலை.

கேள்வி (ஒஹாயோ வாசகர்): மைக்ரோவேவ் ஓடினால் ஹாலில் லைட் மங்குகிறது, அதே நேரம் மாடியில் லைட் பளீரென்று எரிகிறது. பிரேக்கர் எதுவும் விழவில்லை. பேனலை மாற்ற வேண்டுமா?

பதில்: உங்களுக்கு அன்றைக்கே பதில் எழுதிவிட்டேன், இது அடுத்த இதழ் வரை காத்திருக்கிற விஷயம் இல்லை. மற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் முதலில் போடுகிறேன்.

ஒரு பக்கம் மங்கி மறு பக்கம் பிரகாசமானால், நியூட்ரல் எங்கோ விட்டுப்போயிருக்கிறது, அல்லது விடப் பார்க்கிறது. இங்கே வீட்டுக்கு வருவது மூன்று வயர். இரண்டு லைன், ஒரு நியூட்ரல். லைனுக்கும் லைனுக்கும் நடுவே 240 வோல்ட், எந்த லைனிலிருந்து பார்த்தாலும் நியூட்ரலுக்கு 120. நியூட்ரல் உறுதியாக இருக்கிற வரைக்கும்தான் இந்தச் சமபங்கு. அது லூஸானால், ஒரு லைனில் ஓடுகிற சாமான்களும் மற்ற லைனில் ஓடுகிற சாமான்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்த மாதிரி ஆகி, அந்த 240-ஐ லோடுக்குத் தக்கபடி பிரித்துக்கொள்ளும். மைக்ரோவேவ் இருக்கிற பக்கம் 80-க்கு இறங்கினால் மறு பக்கம் 160-க்கு ஏறும். 160-இல் டி.வி.யும் ஃப்ரிட்ஜ் போர்டும் சார்ஜரும் கொஞ்ச நேரத்தில் போய்விடும், தீப்பிடிக்கவும் செய்யலாம். பிரேக்கர் விழாது, ஏனென்றால் அது கவனிப்பது ஆம்பியரை, வோல்ட்டேஜை அல்ல.

செய்ய வேண்டியது இதுதான். மெயினை ஆஃப் செய்யுங்கள், மின் கம்பெனியின் அவசர எண்ணைக் கூப்பிட்டு "பாதி வீட்டில் வெளிச்சம் கூடுகிறது, பாதியில் குறைகிறது, நியூட்ரல் போன மாதிரி இருக்கிறது" என்று இதே வார்த்தையில் சொல்லுங்கள், அவர்களுக்குப் புரியும். கோளாறு பெரும்பாலும் வீட்டுக்கு வரும் லைனின் இணைப்பிலோ மீட்டர் சாக்கெட்டிலோ பேனலுக்குள் நியூட்ரல் லக்கிலோ (வயரைத் திருகி இறுக்கும் உலோக முனை) இருக்கும். அலுமினிய வயர் லக்கில் சரியாக முறுக்கப்படாவிட்டால் சூடாகிச் சூடாகித் தளர்ந்துவிடும். அதனால்தான் தயாரிப்பாளர் டார்க் அளவு (எவ்வளவு விசையோடு முறுக்க வேண்டும் என்ற எண்) கொடுத்திருந்தால் அந்த அளவுக்கு அளந்துதான் முறுக்க வேண்டும் என்று 2017 பதிப்பிலேயே 110.14(டி) என்ற விதி வந்தது. கை உணர்வில் முறுக்குவது போதாது. அப்புறம், நியூட்ரல் போன வீட்டில் திரும்பிப் போகிற கரண்ட் தண்ணீர்க் குழாய் வழியாகவும் கிரவுண்ட் ராடு வழியாகவும் வழி தேடும். ஆள் வந்து பார்க்கும் வரை குழாய், ஷவர் எதையும் தொடாமல் இருங்கள்.

கேள்வி (நியூ ஜெர்சி வாசகர்): வீட்டுக்கு வெளியே மீட்டருக்குக் கீழே ஒரு ஸ்விட்ச் பெட்டி இருக்கிறது. பேஸ்மென்ட் பேனலின் மேல் பகுதியில் 200 ஆம்பியர் பிரேக்கர் ஒன்றும் இருக்கிறது. எது மெயின்?

பதில்: மீட்டரிலிருந்து வயர் போகும் வழியில் முதலில் வருவது எதுவோ அதுதான் பொதுவாக சர்வீஸ் டிஸ்கனெக்ட், கோட் மெயின் என்று எடுத்துக்கொள்ளும் அணைப்பு. உங்கள் விஷயத்தில் அநேகமாக வெளியே இருப்பது. பேஸ்மென்ட்டில் எவ்வளவு பெரிய பிரேக்கர் இருந்தாலும், அதற்கு முன்னால் ஒரு சர்வீஸ் டிஸ்கனெக்ட் இருந்தால், அந்தப் பேனல் கோட் கணக்கில் சப்-பேனல்தான், மெயினுக்குப் பின்னால் வரும் துணைப் பேனல். விதிவிலக்கு ஒன்று உண்டு, அடுத்த ஒரு பதிலில் சொல்கிறேன். வெளிப் பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் இப்போதே பார்த்து வையுங்கள்.

ஏன் "முதல்" என்பதில் இவ்வளவு பிடிவாதம்? அந்த இடம் ஒரு எல்லை. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து அந்த முதல் அணைப்பு வரை வருகிற வயரைக் காக்க நம் பக்கம் எந்த பிரேக்கரும் இல்லை. டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னால் மின் கம்பெனி ஒரு ஃபியூஸ் வைத்திருக்கும், ஆனால் அது டிரான்ஸ்ஃபார்மரைக் காப்பாற்ற வைத்தது, உங்கள் சுவருக்குள் ஓடும் கேபிளைக் காப்பாற்ற அல்ல. அந்தக் கேபிளில் ஆணி இறங்கினால், விழுவதற்கு எதுவும் இல்லாமல் பொறி பறந்துகொண்டே இருக்கும், வயரோ மரமோ எரிந்து முடிகிற வரை.

இது புரிந்தால் 230.70 என்ற விதி சொல்வதெல்லாம் தானாகவே புரியும். முதல் அணைப்பு ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும், அல்லது உள்ளே என்றால் வயர் நுழைகிற இடத்துக்கு மிக அருகில். எத்தனை அடி என்று என்.இ.சி. எண் கொடுக்கவில்லை, பல ஊர்கள் தாங்களே ஒரு எண்ணைச் சேர்த்திருக்கின்றன. ஏணி போடாமல், எதையும் நகர்த்தாமல் எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும், பாத்ரூமில் இருக்கவே கூடாது, அது சர்வீஸ் டிஸ்கனெக்ட் என்று அழியாத எழுத்தில் குறித்திருக்க வேண்டும். இன்னொரு விதிப்படி, கைப்பிடியின் நடு, மேலே தள்ளிய நிலையில், தரையிலிருந்து 6 அடி 7 அங்குலத்தைத் தாண்டக் கூடாது.

இந்த எல்லை எங்கே என்று தெரிந்தால் மற்ற விதிகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும். நியூட்ரலையும் கிரவுண்டையும் எங்கே இணைப்பது, பேனலுக்கு மூன்று வயரா நான்கு வயரா என்பதெல்லாம் இதைப் பொறுத்தது.

கேள்வி (டல்லாஸ் வாசகர்): மெயினை ஆஃப் செய்துவிட்டால் பேனல் மூடியைக் கழற்றி நானே ஒரு பிரேக்கர் மாற்றலாமா?

பதில்: மெயின் அந்தப் பேனலுக்குள்ளேயே இருக்கிறதென்றால், ஆஃப் செய்த பிறகும் மெயினின் மேல் பக்கம் வந்து சேரும் இரண்டு தடித்த வயர்களும் அவற்றின் லக்குகளும் உயிரோடுதான் இருக்கும். மீட்டரைக் கழற்றினால் ஒழிய அவை சாகாது. அதில் ஸ்க்ரூ டிரைவர் பட்டால் என்ன நடக்கும் என்பதை மேலே சொன்ன கேபிள் கதையே சொல்கிறது, தடுக்க பிரேக்கர் கிடையாது. இப்போதைய விதிப்படி மெயின் ஆஃப் ஆன நிலையில் அந்த லக்குகள் தற்செயலாகக் கைபடாதபடி தடுப்பு இருக்க வேண்டும், பழைய பேனல்களில் அது இல்லை. பல ஊர்களில் சொந்த வீட்டில் தானே வேலை செய்ய வீட்டுக்காரருக்கே பெர்மிட் தருவார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் மூடியைக் கழற்றுகிற வேலையை, லக் எது, லைன் எது என்று பார்த்தவுடன் தெரிகிற ஒருவர் பக்கத்தில் இல்லாமல் செய்யாதீர்கள்.

கேள்வி (அட்லாண்டா வாசகி): பழைய பேனலை மாற்ற மூன்று பேரிடம் விலை கேட்டோம். ஒருவர் வெளியே புதிதாக எமர்ஜென்சி டிஸ்கனெக்ட் வேண்டும் என்கிறார், இன்னொருவர் அதனால் உள்ளே போகிற கேபிளையும் மாற்ற வேண்டும் என்கிறார், மூன்றாமவர் ஒன்றுமே வேண்டாம் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இதுதான் இப்போது எல்லா ஊரிலும் நடக்கிற குழப்பம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

2020 பதிப்பில் 230.85 என்ற புது விதி வந்தது. ஒரு குடும்பம், இரு குடும்பம் வாழும் வீடுகளுக்கு வெளியே, எளிதில் எட்டும் இடத்தில், முழு வீட்டின் மின்சாரத்தையும் நிறுத்த ஒரு அணைப்பு இருக்க வேண்டும். காரணம் தீயணைப்பு வீரர்கள். மெயின் பேஸ்மென்ட்டில் இருந்தால், எரிகிற வீட்டுக்குள் இறங்கித் தேட முடியாது, அதனால் வெளியே மீட்டரைப் பிடுங்குகிற பழக்கம் இருந்தது, லோடோடு மீட்டரைப் பிடுங்கினால் முகத்துக்கு நேராகப் பொறி வெடிக்கும். 2023 பதிப்பு இதை இன்னும் தெளிவாக்கி, அணைப்பு வீட்டுச் சுவரிலேயோ வீட்டின் பார்வையிலேயோ இருக்க வேண்டும் என்றும், சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் குறைந்தது அரை அங்குல உயரத்தில் பெயர் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. சர்வீஸ் உபகரணத்தை மாற்றினால் பழைய வீட்டுக்கும் இது பொருந்தும். மீட்டர் சாக்கெட்டையோ வெளிக் கேபிளையோ மட்டும் மாற்றினால் விலக்கு உண்டு. நீங்கள் பேனலையே மாற்றுகிறீர்கள், அந்தப் பேனலில்தான் மெயினும் இருக்கிறது என்றால், உங்கள் ஊர் 2020-ஐயோ 2023-ஐயோ இந்த விதியோடு ஏற்றிருந்தால், மூன்றாமவர் சொல்வது தவறு.

சரி, இரண்டாமவர்? வெளியே வைக்கும் அணைப்பை "சர்வீஸ் டிஸ்கனெக்ட்" ஆக்கினால் எல்லை வெளியே நகர்ந்துவிடுகிறது. அந்த நொடியே உள்ளே இருக்கிற பேனல் சப்-பேனல் ஆகிவிடும். சப்-பேனலில் நியூட்ரலும் கிரவுண்டும் ஒட்டக் கூடாது, வெளியிலிருந்து உள்ளே தனி கிரவுண்ட் பாதையோடு நான்கு வயராகப் போக வேண்டும். பழைய வீடுகளில் மீட்டரிலிருந்து பேனலுக்குப் போவது கிரவுண்ட் இல்லாத மூன்று வயர் கேபிள். ஆகவே அதை மாற்றித்தான் ஆக வேண்டும், பேனலுக்குள் இருக்கிற எல்லா நியூட்ரலையும் கிரவுண்டையும் பிரித்துத் தனித்தனி பாருக்கு (வயர்களை முறுக்கும் உலோகப் பட்டை) கொண்டுபோக வேண்டும். அவர் விலை ஏறியது இதனால்தான், ஏமாற்றவில்லை.

ஆனால் கோடே இன்னொரு வழியையும் வைத்திருக்கிறது. வெளியே வைக்கும் ஸ்விட்சை "எமர்ஜென்சி டிஸ்கனெக்ட், நாட் சர்வீஸ் எக்விப்மென்ட்" என்ற வகையில் பெயர் எழுதி வைக்கலாம். (நியூ ஜெர்சி வாசகரே, நான் சொன்ன விதிவிலக்கு இதுதான், உங்கள் வெளிப் பெட்டியில் இப்படி எழுதியிருந்தால் மெயின் பேஸ்மென்ட்டில் இருப்பதே.) அப்போது எல்லை உள்ளேயே இருக்கும், மூன்று வயர் கேபிள் நல்ல நிலையில் இருந்தால் அப்படியே இருக்கலாம், நியூட்ரல்–கிரவுண்ட் இணைப்பும் உள்ளே பழைய இடத்திலேயே. வேலை பாதியாகக் குறையும். மூவரிடமும் இந்த ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "வெளியே வைப்பதற்கு எந்தப் பெயர் எழுதப் போகிறீர்கள்?" பதில் சொல்லத் தெரிந்தவருக்கு வேலை கொடுங்கள். உங்கள் இன்ஸ்பெக்டர் அதை ஏற்கிறாரா என்பதை வேலை தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

கூடவே, 2020 முதல் வீட்டு சர்வீஸுக்கு சர்ஜ் பாதுகாப்புக் கருவியும் (திடீர் வோல்ட்டேஜ் ஏற்றத்திலிருந்து காப்பது) கட்டாயம், 230.67. பேனல் மாற்றும்போதும் பொருந்தும். விலைப் பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி (சிகாகோ புறநகர் வாசகர்): தனியாக இருக்கிற கராஜில் சப்-பேனல் இருக்கிறது. அதன் மூடியை ஈரக்கையோடு தொட்டால் லேசாகச் சுருக்கென்கிறது. கிரவுண்ட் ராடு அடித்துத்தான் இருக்கிறது, பிறகு ஏன்?

பதில்: தொடாதீர்கள், குழந்தைகளை விடாதீர்கள், முதலில் கராஜுக்குக் கரண்ட் அனுப்பும் ஃபீடர் பிரேக்கரை வீட்டில் ஆஃப் செய்துவிடுங்கள்.

கிரவுண்ட் ராடு பற்றி நம்மில் நிறையப் பேருக்கு ஒரு தவறான நம்பிக்கை உண்டு. ஊரில் எர்த் குழி வெட்டி உப்பும் கரியும் போட்டுப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம், ஷார்ட் ஆனால் கரண்ட் மண்ணுக்குள் போய்விடும், பிரேக்கர் விழுந்துவிடும் என்று நினைக்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ராடுக்கு மண்ணோடு 25 ஓம் இருந்தால் அது நல்ல ராடு. 120 வோல்ட்டை 25-ஆல் வகுத்தால் 4.8 ஆம்பியர். 15 ஆம்பியர் பிரேக்கர் அதைக் கவனிக்கவே கவனிக்காது, பெட்டி உயிரோடு நின்றுகொண்டே இருக்கும். ராடு மின்னலுக்கும், மேலே போகும் லைனில் வரும் திடீர் வோல்ட்டேஜ் ஏற்றத்துக்கும். பிரேக்கரை விழவைப்பது ராடு அல்ல, செப்பு வயர். கோளாறுக் கரண்ட் கிரவுண்ட் வயர் வழியாக அந்த முதல் அணைப்புக்கு வந்து, அங்கே நியூட்ரலையும் கிரவுண்டையும் இணைக்கிற மெயின் பாண்டிங் ஜம்ப்பரைத் தாண்டி நியூட்ரலில் ஏறி, டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்பும். தடையே இல்லாத பாதை, நூற்றுக்கணக்கான ஆம்பியர், பிரேக்கர் உடனே விழும். பல பேனல்களில் இந்த ஜம்ப்பர் ஒரு பச்சை ஸ்க்ரூதான். அவ்வளவு சின்ன பொருள், அதை நம்பித்தான் மொத்த வீடும் இருக்கிறது.

அந்த இணைப்பு எல்லையில் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். சப்-பேனலிலும் யாரோ அந்தப் பச்சை ஸ்க்ரூவை விட்டுவைத்தால், நியூட்ரலில் திரும்ப வேண்டிய அன்றாடக் கரண்ட் இரண்டாகப் பிரிந்து, கிரவுண்ட் வயர், பெட்டி, இரும்புக் குழாய் என்று கிடைத்த உலோகத்திலெல்லாம் ஓடும். நியூட்ரல் வயர் எங்காவது லூஸானால் முழுக் கரண்டும் அதில்தான். உங்களுக்குச் சுருக்கென்றது அநேகமாக இதுதான்.

சரியான அமைப்பு: வீட்டிலிருந்து கராஜுக்கு நான்கு வயர், கராஜ் பேனலில் நியூட்ரல் பார் பெட்டியிலிருந்து விலகி, கிரவுண்ட் பார் பெட்டியோடு ஒட்டி, பச்சை ஸ்க்ரூ எடுக்கப்பட்டு, கராஜை முழுக்க நிறுத்த அங்கேயே ஓர் அணைப்பு, 8 அடி ராடு, அந்த ஒற்றை ராடு 25 ஓமுக்குள் வருகிறது என்று காட்ட முடியாவிட்டால் 6 அடி தள்ளி இரண்டாவது ராடு.

ஆனால் ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு நேராகப் போய்ப் பச்சை ஸ்க்ரூவைக் கழற்றிவிடாதீர்கள். 2008 பதிப்புக்கு முந்தைய வேலைகளில், தனிக் கட்டிடத்துக்குச் சில நிபந்தனைகளோடு மூன்று வயர் ஃபீடர் அனுமதி இருந்தது. உங்களுடையது அப்படிப்பட்ட மூன்று வயர் என்றால், ஸ்க்ரூவை எடுத்ததும் கோளாறுக் கரண்ட் திரும்ப இருந்த ஒரே வழியும் போய்விடும், இப்போது இருப்பதைவிட மோசம். எத்தனை வயர் வருகிறது என்று எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகுதான் எதையும் தொட வேண்டும்.

கேள்வி (சியாட்டில் வாசகி): பேனல் துணி க்ளோசெட்டுக்குள் இருக்கிறது. ஹோம் இன்ஸ்பெக்டர் குறை எழுதியிருக்கிறார். வீட்டை வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் விலை பேசும்போது இதையும் வைத்துப் பேசுங்கள். துணி போன்ற எளிதில் பற்றும் பொருள் இருக்கும் க்ளோசெட்டில் பிரேக்கர் பேனல் கூடாது என்கிறது 240.24. பாத்ரூமிலும், மாடிப்படிக்கு மேலேயும்கூட வைக்கக் கூடாது. கட்டியபோது ஊர் அனுமதித்திருந்தால் உடனே மாற்ற யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். சில வீடுகளில் சுலபமான வழி, க்ளோசெட்டைத் துணி வைக்காத சின்ன யூட்டிலிட்டி அறையாக மாற்றிவிடுவது. அதற்கும் பேனல் முன்னால் போதிய இடம் வேண்டும்: ஆழம் 3 அடி, அகலம் 30 அங்குலம், உயரம் 6 அடி 6 அங்குலம், பேனல் கதவு 90 டிகிரி திறக்க வேண்டும். பேனல் அந்த 30 அங்குலத்தின் நடுவில் இருக்க வேண்டும் என்று இல்லை, ஒரு ஓரத்திலும் இருக்கலாம். அந்த இடத்தை சாமான் வைக்கப் பயன்படுத்தக் கூடாது, சக்கரம் வைத்த அலமாரியும் சாமான்தான்.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஒரு வீட்டில் பேனலிலிருந்து கருகல் வாசம் வருகிறது என்று கூப்பிட்டார்கள், போனால் பேனலுக்கு முன்னால் இடுப்பு உயரத்துக்கு அட்டைப் பெட்டிகள். வீட்டுக்காரரும் நானும் சேர்ந்து அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு மெயினைத் தொடுவதற்குள் பிரேக்கரின் பிளாஸ்டிக் உருகத் தொடங்கியிருந்தது. அந்த 3 அடி வேலை செய்பவன் பின்னால் சாய்ந்து தப்பிக்கவும்தான்.

கேள்வி (டெட்ராய்ட் வாசகர்): என் பேனலில் மெயின் பிரேக்கரே இல்லை. மேலே ஆறு இரட்டை பிரேக்கர்கள் மட்டும் இருக்கின்றன. இது சட்டப்படி சரியா?

பதில்: அந்தக் காலத்தில் சரி. ஆறு கை அசைவுக்குள் முழு வீடும் அணைந்தால் போதும் என்பது நெடுநாள் விதி. உங்களுடையது ஸ்ப்ளிட் பஸ் வகை (பிரேக்கர்கள் மாட்டும் உலோகப் பட்டை இரண்டாகப் பிரிந்திருக்கும்), மேலே இருக்கும் ஆறில் ஒன்று கீழ்ப்பகுதி முழுவதற்கும் மெயின் மாதிரி வேலை செய்யும். 2020-இல் 230.71 மாறியது. இப்போதும் ஆறு வரை வைக்கலாம், ஆனால் ஒரே பேனல் பெட்டிக்குள் ஒன்றாக அடுக்கக் கூடாது, தனித்தனிப் பெட்டியிலோ, பெட்டிக்குள் தடுத்துப் பிரித்த தனித்தனிப் பகுதியிலோ இருக்க வேண்டும். இருப்பதை அப்படியே வைத்திருக்கத் தடையில்லை. அவசரத்தில் ஆறையும் அணைக்க வேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும், அந்த ஆறின் பக்கத்திலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். அடுத்த பெரிய வேலை வரும்போது மாற்றிவிடுங்கள்.

கேள்வி (பாஸ்டன் பக்கத்து வாசகர்): 100 ஆம்பியர் சர்வீஸ். எலக்ட்ரிக் கார் வாங்கியிருக்கிறோம். சார்ஜர் போட 200 ஆம்பியராக மாற்றியே ஆக வேண்டும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: கணக்குப் போடாமல் அப்படிச் சொல்பவரை நம்பாதீர்கள். தனி வீட்டுக்கு 100 ஆம்பியர்தான் கோட் கேட்கிற குறைந்தபட்சம், 230.79. அது போதுமா என்பதைப் பேனலில் காலி இடம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியாது, 220.82 முறையில் லோடு கணக்குப் போட வேண்டும்.

உங்கள் கடிதத்தில் இருப்பதை வைத்தே போடுகிறேன். 1,800 சதுர அடி, சதுர அடிக்கு 3 வி.ஏ. (வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கியது, ஏறக்குறைய வாட்) வீதம் 5,400. சமையலறைக்கு இரண்டு சர்க்யூட், லாண்ட்ரிக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் 1,500 வீதம் 4,500. டிரையர் 5,000. டிஷ்வாஷரும் டிஸ்போஸலும் சேர்த்து 1,800. மொத்தம் 16,700. அடுப்பு, ஹீட்டர், வெந்நீர் எல்லாம் கேஸ் என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. இதில் முதல் 10,000 முழுதாக, மீதி 6,700-இல் 40 சதவீதம், அதாவது 2,680. ஆக 12,680. ஏ.சி. 4,000 முழுதாகச் சேர்த்தால் 16,680. 240-ஆல் வகுத்தால் 69.5 ஆம்பியர்.

இப்போது கார். சார்ஜரைக் குறைக்காமல் முழுதாகவே சேர்க்கிறேன், பல இன்ஸ்பெக்டர்கள் அப்படித்தான் கேட்பார்கள். 48 ஆம்பியர் சார்ஜர் என்றால் 11,520, மொத்தம் 117.5 ஆம்பியர், நூறில் அடங்காது. 24 ஆம்பியர் சார்ஜர் என்றால்? அது இழுப்பது 5,760 வி.ஏ.தான், ஆனால் 2023 பதிப்பு எந்தச் சார்ஜருக்கும் குறைந்தது 7,200 எடுக்கச் சொல்கிறது, அப்படி எடுத்தாலும் 99.5 ஆம்பியர். அடங்கிவிட்டது! கார் சார்ஜிங் தொடர் லோடு என்பதால் பிரேக்கர் 125 சதவீதம், 24-க்கு 30 ஆம்பியர் பிரேக்கர். இரவு எட்டு மணி நேரத்தில் சுமார் 46 யூனிட் ஏறும், நூறு மைலுக்கு மேல் ஓடலாம். உங்கள் தினசரி ஓட்டத்துக்கு இது தாராளம். வீட்டு லோடைப் பார்த்துச் சார்ஜரைத் தானாகக் குறைக்கும் கருவியும் இன்னொரு வழி.

நாளை அடுப்பையும் வெந்நீரையும் கரண்டுக்கு மாற்றுகிற எண்ணம் இருந்தால் மட்டும் இப்போதே 200-க்குப் போங்கள். அப்போது சர்வீஸ் வயர் 2/0 செம்பு அல்லது 4/0 அலுமினியம் வேண்டும். பழைய வயரில் 200 ஆம்பியர் பிரேக்கரை மட்டும் மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

கேள்வி (ஃபீனிக்ஸ் வாசகர்): 200 ஆம்பியர் பேனலில் சோலாருக்கு 60 ஆம்பியர் பிரேக்கர் போட முடியாது என்கிறார்கள். காலி இடம் நிறைய இருக்கிறதே?

பதில்: பிரச்சினை இடம் அல்ல, பஸ் பார், பிரேக்கர்கள் மாட்டும் அந்த உலோகப் பட்டை. மெயின் மேலிருந்து 200 கொடுக்கும், சோலார் கீழிருந்து கொடுக்கும், இரண்டும் சேர்ந்து பஸ் பாரின் அளவில் 120 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 705.12-இல் இருக்கிற வழிகளில் ஒன்று. 200-க்கு 240, மெயினைக் கழித்தால் சோலாருக்கு 40. அந்த பிரேக்கர் மெயினுக்கு எதிர்முனையில், கடைசியில் இருக்க வேண்டும். 60 வேண்டுமென்றால் லோடு கணக்கு இடம் கொடுத்தால் மெயினை 175-க்குக் குறைக்கலாம், 240-இலிருந்து 175 போக 65. 225 ஆம்பியர் பஸ் பார் உள்ள பேனலும் உண்டு, அதில் 200 மெயினோடு 70 வரை போகலாம்.

கேள்வி (டாம்பா வாசகி): வெளியே இருக்கிற மெயினுக்குப் பூட்டுப் போடலாமா? தெருப் பிள்ளைகள் அணைத்துவிட்டு ஓடுகிறார்கள்.

பதில்: போடலாம். எளிதில் எட்டும் இடம் என்பதற்குக் கோட் தரும் விளக்கத்தில் சாவி தடையாகக் கருதப்படவில்லை. உங்கள் ஊர் தீயணைப்பு நிலையத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள், கட்டரால் வெட்டக்கூடிய சாதாரணப் பூட்டாக இருக்கட்டும்.

கேள்வி (ஹூஸ்டன் வாசகர்): பேனல் கதவில் பட்டியல் எழுத உட்கார்ந்தேன். "பெரியவன் ரூம்", "அம்மா ரூம்" என்று எழுதினால் போதுமா?

பதில்: போதாது, 408.4 இதைக் குறிப்பாகவே சொல்கிறது: யார் குடியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து மாறுகிற பெயர் கூடாது. பெரியவன் கல்லூரிக்குப் போய்விடுவான், அம்மா ஊருக்குப் போய்விடுவார்கள், வீட்டை விற்றால் புதிதாக வருபவருக்கு எதுவும் புரியாது. "மாடி, வடகிழக்கு படுக்கையறை, சுவர் பிளக்குகள்" என்று எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதுங்கள், தேவைப்பட்டால் பக்கத்தில் தமிழிலும். ஒருவர் பிரேக்கரை அணைக்க, மற்றவர் ஒரு டேபிள் லாம்ப்பை எடுத்துக்கொண்டு பிளக் பிளக்காகப் போய்ப் பார்க்க, ஒரு சனிக்கிழமை காலையில் முடிந்துவிடும். காலியாக இருக்கிற பிரேக்கரையும் "ஸ்பேர்" என்று குறியுங்கள். பேனல் சப்-பேனல் என்றால், அதற்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்பதையும் எழுதிவைப்பது நல்லது, உதாரணமாக "வெளிச்சுவர், மீட்டருக்குக் கீழே உள்ள டிஸ்கனெக்டிலிருந்து".